மேட்டுத்தெருவுக்கு நாலு இஞ்ச்

1.

இந்தக் கதை என்னுடைய கோழைத்தனத்தில் பிறந்தது. அதை மறைத்துவிட்டு ஆரம்பிக்க மனசு வரவில்லை.

போன தை மாதம் எருமப்பட்டிப் பக்கம் ஒரு விழாவில் என்னைப் பட்டிமன்ற நடுவராக உட்கார வைத்தார்கள். ‘நல்லது செய்யும் தலைவர் ஊழலும் செய்தால் அவரைப் பதவியில் வைத்திருக்கலாமா, கூடாதா?’ என்பது தலைப்பு. அணிக்கு மூன்று பேர். தொண்டை கட்டும்வரை பேசினார்கள். கடைசியில் நான் எழுந்து, திறமையும் நேர்மையும் ஒரு தலைவருக்கு இரண்டு கண்கள் என்று சொல்லி, கைதட்டலையும் துண்டையும் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றார். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். தலையில் முக்காடு.

“நல்லாப் பேசுனீங்க சார். ஆனா நீக்கோணுமா வேண்டாமான்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லீங்களே?”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டேன். நடுவர்களுக்குப் பழக்கமான தந்திரம்.

“நான் நெனச்சதச் செஞ்சுட்டனுங்க. அது சரியான்னு கேக்கலாம்னுதான் வந்தேன்.”

அதற்குள் நாமக்கல் பேருந்து வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன். அவர் என்ன செய்தார் என்று கேட்கவில்லை, பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது. அந்தக் கேள்வி மட்டும்தான் அவருடையது.

2.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: ‘அதிகாரம் என்பது தண்ணீரைப் போன்றது, அது எந்தப் பாத்திரத்தில்...’ (இங்கேயே நிறுத்திவிட்டேன். பட்டிமன்றத் தொண்டை இன்னும் சரியாகவில்லை.)

இரண்டாவது: ‘கரட்டுப்பாளையம் பேரூராட்சியில் தலைவரையும் சேர்த்து உறுப்பினர்கள் பதினைந்து பேர். அவர்களில் பன்னிரண்டு பேர் கை தூக்கினால் தலைவரின் பதவி போய்விடும். பதினோரு பேர் தயார். பன்னிரண்டாவது ஆள்...’ (இது செய்தித்தாள். ஆனால் எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரை வரைபடத்தில் தேட வேண்டாம். நாமக்கல்லுக்கும் பரமத்தி வேலூருக்கும் நடுவில், காவிரி பக்கத்தில்தான் ஓடுகிறது என்று தெரிந்தும் குடிக்கக் கிடைக்காத தூரத்தில் அதை வைத்திருக்கிறேன்.)

மூன்றாவது: ‘ஷஹர்பானு அரசியலுக்கு வந்ததற்கு ஒரு சாக்குக்கட்டிதான் காரணம்.’

இது நிற்கிறது. இதிலிருந்தே போகலாம்.

அப்போதெல்லாம் கரட்டுப்பாளையத்துக்குப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். நடுவில் லாரித் தண்ணீர். லாரி வந்து நின்றதும் பள்ளிவாசல் வீதி முனையில் குடங்கள் உருளும். பெண்கள் ஒருவர் முடியை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். ஷஹர்பானுவின் கணவர் ரஹமத்துல்லா, லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். தார்ப்பாயில் அளவு குறிக்கிற சாக்குக்கட்டியை ஒருநாள் ஷஹர்பானு எடுத்துக்கொண்டு போய், வரிசையில் இருந்த குடங்களின் வயிற்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டார். அன்றைக்குச் சண்டை இல்லை.

தன் குடத்தோடு நின்ற சென்னியம்மாள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கும் பெண்களுக்கு மேஸ்திரி. ஓர் அட்டை முட்டையை ஒரு பார்வை பார்த்தே விரிசல் விட்டது எது என்று சொல்லிவிடுவார்.

“நீ எலக்சன்ல நில்லு சாமி. நானும் நிக்கறேன்.”

“எனக்குப் பேச வராதுங்கக்கா.”

“பேசறதுக்குத்தான் ஊரு நெறைய ஆம்பளைங்க இருக்கறாங்களே. நீ நெம்பர் போடு, போதும்.”

இரண்டு பேரும் நின்றார்கள், ஜெயித்தார்கள். சென்னியம்மாள் பேரூராட்சித் தலைவர் ஆனார். ஷஹர்பானு ஒன்பதாவது வார்டு உறுப்பினர்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரிக்குச் சென்னியம்மாள் தன் கையாலேயே காபி போட்டுக் கொடுத்தார். உப்புத் தண்ணீரில் போட்ட காபி. பால் திரிந்து மேலே மிதந்தது. “குடிங்க சார். நாங்க தெனமும் இதத்தான் குடிக்கறோம்.” அதிகாரி குடிக்கவும் முடியாமல், கீழே வைக்கவும் கூச்சப்பட்டு, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஊர் முழுக்க நடந்தார். அடுத்த வருடம் காவிரித் தண்ணீர் ஊருக்குள் வந்துவிட்டது. தினமும் ஒரு மணி நேரம். வராத நாளில் காலை ஆறு மணிக்கே பொறியாளருக்குப் போன் போகும்: “சார், எந்திரிச்சாச்சுங்களா? நாங்கல்லாம் எந்திரிச்சுட்டோம். தண்ணிதான் இன்னும் எந்திரிக்கக் காணோம்.” நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் வீதிக்கு மட்டும் மத்தியானம் மூன்று மணிக்கே திறந்துவிடச் சொல்லி வைத்திருந்தார், கஞ்சி காய்ச்ச வேண்டுமே என்று. குடம் சுமந்து சுமந்து ஷஹர்பானுவின் வலது தோளில் பத்து வருடமாக இருந்த வலி அந்த வருடம்தான் போயிற்று.

3.

சென்னியம்மாள்தான் என் கைக்கு அடங்கவில்லை.

கதையின் முதல் படியில் அவருக்குக் கழுத்து நிறைய நகையும் வெள்ளைக் காரும் கொடுத்திருந்தேன். படித்த என் மனைவி அறிவுச்செல்வி, “இந்தம்மாவ நீக்கலாமான்னு யாருங்க யோசிப்பாங்க? நானே போய் நீக்கிருவேன்” என்றாள். சரி என்று இரண்டாவது படியில், பேத்தியின் அறுவை சிகிச்சைக்கு வேறு வழியில்லாமல் கை நீட்டியதாக எழுதினேன். “இப்ப யாருமே நீக்க மாட்டாங்க. கேள்வியவே கொன்னுட்டீங்க” என்றாள். (அறிவுச்செல்வி கணக்கு டீச்சர். தப்பான விடையைவிடத் தப்பான கேள்விதான் அவளுக்குக் கோபம் வரவைக்கும்.)

அதனால் இப்போது அவர் சாதாரணமாகவே எடுக்கிறார். எல்லோரும் எடுப்பதுபோல.

ஊருக்கு வடக்கே அவருக்கு ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு உண்டு. இரண்டு வருடம் மழை பொய்த்து, மரங்களின் கழுத்து தொங்கிவிட்டது. பேரூராட்சிக்குக் குழாய் பதிக்கும் ஒப்பந்தக்காரர் கந்தவேலிடம் போர்வெல் வண்டியும் இருந்தது. “வண்டி சும்மாதானுங்க நிக்குது தலைவரே. போற வழியில ஒரு போர் போட்டுட்டுப் போறேன்” என்றார். சென்னியம்மாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணூறு அடியில் தண்ணீர் வந்தது. சொட்டுநீர்க் குழாயும் வந்தது. கந்தவேல் அந்தச் செலவை வேறோர் இடத்தில் சரிக்கட்டிக்கொண்டார். எங்கே என்று சென்னியம்மாள் கேட்கவில்லை.

(‘கேட்க விரும்பவில்லை’ என்று எழுதி, அடித்துவிட்டு, ‘கேட்கவில்லை’ என்று மாற்றினேன். எது உண்மை என்று அவரை உண்டாக்கிய எனக்கே தெரியவில்லை.)

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சென்னியம்மாளைப் பிடிக்கும். அவர் பேசும்போது என் பேனா தானாக வேகமெடுக்கிறது. நான் எழுதுவதை நீங்கள் கொஞ்சம் எச்சரிக்கையாகவே படியுங்கள்.

4.

பள்ளிவாசல் வீதியோடு மேட்டுத்தெருவும் சேர்ந்ததுதான் ஒன்பதாவது வார்டு. மேட்டுத்தெரு ஊரின் கிழக்குக் கோடி. எழுபது வீடுகள், கரும்பு வெட்டுக்கும் கோழிப்பண்ணைக்கும் போகிறவர்கள். ஊருக்கெல்லாம் தண்ணீர் வந்தபோது அங்கேயும் வந்தது, ஆனால் நூல் மாதிரி. மேடு அல்லவா, அப்படித்தான் ஏறும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஷஹர்பானுவும்தான்.

ஐப்பசியில், கேபிள் பதிக்க வந்தவர்கள் அந்தத் தெருவுக்குப் போகும் குழாயை உடைத்துவிட்டார்கள். சரிசெய்ய வந்த குழாய்க்காரர் ஜீவா குழிக்குள் இறங்கி நின்றார். ஷஹர்பானு மேலே குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, இது ஆறு இஞ்ச் லைனுன்னுதானுங்க சொன்னாங்க?”

“ஆமா. மன்றத்துல தீர்மானத்தப் படிச்சதே நான்தான். ஊரு பூராம் நூத்தறுபது எம்எம்.”

ஜீவா கையால் சேற்றை வழித்துவிட்டார். குழாயின் முதுகில் அச்சடித்திருந்தது: 110.

“இது நாலு இஞ்சுங்க. மத்த வீதியிலெல்லாம் ஆறுதான் கெடக்குது, நானே ஒட்டுப் போட்டிருக்கறேன். இங்க மட்டும் நாலப் போட்டுட்டாங்க. இதுல மேட்டுக்கு எப்படிங்க ஏறும்?”

ஷஹர்பானு அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றார். நூற்றறுபது என்று தன் வாயால் படித்திருக்கிறார். வழிமொழிந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். வேலை முடிந்த அன்று எல்லோரோடும் நின்று ஜிகர்தண்டா குடித்திருக்கிறார். மூன்று வருடமாக இந்தத் தெருப் பெண்கள் ‘தண்ணி பத்தலீங்க’ என்று சொல்லும்போதெல்லாம், ‘மேடுங்க, என்ன பண்றது’ என்று சமாதானம் சொன்னதும் அவர்தான். அந்தச் சமாதானம்தான் இப்போது அவருக்கு அதிகமாக வலித்தது.

5.

மறுநாளே துணைத்தலைவர் தீர்த்தகிரி தார்ப்பாய்க் கடைக்கு வந்துவிட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தலைவரின் தோப்பில் போர் யார் போட்டது, அந்தச் செலவு எந்தக் குழாயில் சரிக்கட்டப்பட்டது என்பதும். எல்லாவற்றையும் சொன்னார்.

“நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வாரனுங்க. பதினோரு கையெழுத்து ஆயிருச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. நேர்மைன்னா நேர்மைதானுங்களே?”

தீர்த்தகிரி தலைவரானால் அடுத்த ஒப்பந்தம் அவருடைய மச்சினருக்கு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் போன பிறகு ரஹமத்துல்லா ஊசியைக் கீழே வைத்தார்.

“அந்தம்மா பண்ணது தப்புதான். ஆனா இந்தாளு வந்தா லாரித் தண்ணிக்குப் போயிருவோம். உனக்குத் தோள்வலி போனது யாரால?”

“நாம ஆறு இஞ்சுல பிடிச்சோமுங்க. அவங்களுக்கு நாலு.”

“அதச் சொல்லல...”

“அதத்தானுங்க சொல்லோணும்.”

ரஹமத்துல்லா ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டார். மனைவிக்குப் பிடிவாதம் வந்துவிட்டது என்பது அந்த ‘ங்க’விலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

ஷஹர்பானு அன்று சாயங்காலம் மேட்டுத்தெருவுக்குப் போனார். கோழிப்பண்ணைக்குப் போகிற அங்காளம்மாளின் வீட்டு வாசல் குழாயில் குடம் பாதிகூட நிறையவில்லை. அங்காளம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஷஹர்பானு எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். குழாய், போர், தீர்த்தகிரி, பன்னிரண்டாவது கை.

அங்காளம்மாள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

(ஒரு நிமிடம். முந்தைய படிகளில் அங்காளம்மாள் இங்கே ‘எங்களுக்கு என்னங்க தெரியும்’ என்று ஒரே ஒரு வரி பேசிவிட்டு உள்ளே போய்விடுவார். அடுத்து வரும் யோசனை ஷஹர்பானுவுக்குத் தானாகத் தோன்றியதாக எழுதியிருந்தேன். தண்ணீர் இல்லாதவருக்கு நானும் வார்த்தையைக் குறைத்துத்தான் விட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, திருத்திவிட்டேன்.)

“எங்களுக்குத் தண்ணி வந்ததும் அந்தம்மாளால. கொறஞ்சதும் அந்தம்மாளால. எறக்கத்தான் வேணும் அம்மிணி” என்றார் அங்காளம்மாள். “ஆனா இப்பவே எறக்கிப்போடாதீங்க. மொதல்ல பைப்ப மாத்தச் சொல்லுங்க. அப்பறமா எறக்குங்க. முன்னாலயே எறக்கிட்டீங்கன்னா, வாரவன் எங்க பைப்ப எதுக்கு மாத்தறான்?”

“அது ஒருமாதிரி துரோகம் இல்லீங்களா?”

“யாருக்கு?” என்று கேட்டுவிட்டு, அங்காளம்மாள் குடத்தை நகர்த்தி அடுத்ததை வைத்தார்.

6.

தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஷஹர்பானு தென்னந்தோப்புக்குப் போனார். சென்னியம்மாள் விழுந்த மட்டைகளை இழுத்து ஒரு பக்கம் போட்டுக்கொண்டிருந்தார். மரங்கள் நிமிர்ந்திருந்தன.

“அக்கா, மேட்டுத்தெரு லைனு நாலு இஞ்ச்.”

கையிலிருந்த மட்டை கீழே விழுந்தது. “யாரு பாத்தா?”

“நான்தான் பாத்தேன்.”

“அப்பச் சரியாத்தான் இருக்கும்.”

“இந்தப் போரு?”

“கந்தவேலு போட்டுக் குடுத்தான்.”

“சும்மாவா?”

“சும்மா யாரு சாமி போடுவா?”

வழி நெடுக ஷஹர்பானு மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம், அவர் மறுப்பார் என்பதற்காகத்தான். மறுத்திருந்தால் கோபப்படலாம். இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை.

“ஏனுங்கக்கா... நீங்களா?”

சென்னியம்மாள் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்தார். “மரம் காஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஊருத் தண்ணிக்கு ஓடு ஓடுன்னு ஓடறேன், என்ற மரத்துக்கு ஒரு நாளு ஓடல. அவன் வந்து கேட்டப்ப, எனக்கும் கொஞ்சம் வரட்டுமேன்னு தோணிப்போச்சு. அது எங்க போயிக் கொறையும்னு நான் யோசிக்கல.”

“யோசிக்கலீங்களா, யோசிக்க வேண்டாம்னு உட்டுட்டீங்களா?”

சென்னியம்மாள் அவரை ஏறிட்டுப் பார்த்தார். “பேச வராதுன்னு சொன்னவதானே நீ” என்றார்.

“தீர்த்தகிரி பதினோரு கையெழுத்து வாங்கிட்டாரு. நானும் போடப் போறனுங்க. கூட்டத்துல கையும் தூக்குவேன். உங்ககிட்டச் சொல்லாம செய்யறதுக்கு மனசு வரல.”

“அவன் வந்தா தண்ணி வராது.”

“தெரியுமுங்க.”

“தெரிஞ்சுமா?”

“இன்னொன்னு கேக்கோணும். நான் கையெழுத்துப் போட்டாலும் கூட்டம் கூட இருவது நாளு ஆகும். அதுக்குள்ள அந்தப் பைப்ப மாத்திக் குடுத்துருங்க. கந்தவேலுகிட்ட வேல வாங்க உங்களால மட்டுந்தான் முடியும்.”

சென்னியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோப்பே அதிரும்படி சிரித்தார். “ஏஞ்சாமி, என்னைய வெச்சே வேலைய வாங்கிட்டு, என்னையவே எறக்கியுட்டுருவியா?”

“ஆமாங்க” என்றார் ஷஹர்பானு. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மாத்திட்டா மனசு மாறுவியா?”

“மாற மாட்டனுங்க.”

“மாறாத. உனக்காக ஒண்ணும் நான் மாத்தல.” சென்னியம்மாள் எழுந்து சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். “அங்காளம்மா பண்ணையில எங்கூட ஒக்காந்து முட்டை பிரிச்சவ. அவ ஊட்டுக் கொழாயப் பாக்காமயே மூணு வருசம் போயிருச்சு.”

பிறகு, ஒன்றும் நடக்காததுபோல, இரண்டு இளநீரைச் சீவி ஒன்றை நீட்டினார். ஷஹர்பானு அதைக் கையில் வாங்கினார். அந்த மரம் எந்தத் தண்ணீரைக் குடித்தது என்று அவருக்குத் தெரியும். குடிக்கவில்லை. சென்னியம்மாளும் குடி என்று சொல்லவில்லை.

7.

இந்தப் பகுதியை எழுதியதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட மகிழ்ச்சி. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

மேட்டுத்தெருவின் நடுவில் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் சென்னியம்மாள் உட்கார்ந்துவிட்டார். காலை எட்டு மணிக்கு வருவார், பொழுது சாயத்தான் எழுந்திருப்பார். ஒவ்வொரு குழாயையும் குழிக்குள் இறக்குவதற்கு முன் அதன் முதுகைத் தன் பக்கம் திருப்பச் சொல்வார். “நூத்தறுபது. எறக்கு. நூத்தறுபது. எறக்கு.”

கந்தவேல் மூன்றாம் நாளே புலம்ப ஆரம்பித்தார். “தலைவரே, எனக்கு நெம்ப நட்டமுங்க.”

“எனக்குந்தான். பதவியே போவுது. நீ பைப்ப எறக்கு.”

“அந்தப் போரு...”

“அதப்பத்தி என்னையக் கேக்கறதுக்கு ஆளு வருவாங்க. வரட்டும். இப்ப நீ எறக்கு.”

ஊர் வேடிக்கை பார்த்தது. பதவி போகாமல் இருக்க நாடகம் போடுகிறார் என்றார்கள் சிலர். இந்த அம்மாவைப் போய் நீக்கப் பார்க்கிறார்களே என்றார்கள் பலர். ஷஹர்பானு இரண்டு வேளையும் தெருவுக்கு வந்து, தோண்டிய மண்ணைத் தாண்டி நடக்க முடியாதவர்களுக்குக் கை கொடுத்தார். அவரும் சென்னியம்மாளும் வேலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் வெயிலில் சென்னியம்மாளுக்குத் தலை சுற்றியபோது, மோர் வாங்கிவர ஓடியவர் ஷஹர்பானுதான்.

பதினேழாம் நாள் அங்காளம்மாளின் குழாய் முதலில் காற்றாக இருமியது. பிறகு செம்மண் கலங்கலாகத் துப்பியது. அப்புறம் குடத்தின் அடியில் ஒரே சத்தமாக விழுந்தது தண்ணீர். சிரிக்கலாமா என்று தெரியாததுபோல அங்காளம்மாள் அதையே பார்த்தபடி நின்றார்.

“தண்ணி வந்துருச்சு தலைவரே. ஆனா அதுக்காக மூணு வருசத்த நான் மறந்தற மாட்டனுங்க.”

“மறக்காத” என்றார் சென்னியம்மாள். குழாயடியில் குனிந்து இரண்டு கையாலும் அள்ளி முகம் கழுவிக்கொண்டார்.

8.

இப்போது கூட்டம். முடிவாக மூன்றை வைத்திருந்தேன்.

முதல் முடிவில், குழாயை மாற்றிவிட்டார் என்ற நன்றியில் ஷஹர்பானு கை தூக்காமல் இருந்துவிடுகிறார். ஊர் மகிழ்கிறது. (அப்படியானால், பிடிபட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும் என்று ஆகிறது. கந்தவேல்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.)

இரண்டாவதில், கூட்டத்தன்று ஷஹர்பானுவுக்குக் காய்ச்சல். (அது என்னுடைய பட்டிமன்றக் காய்ச்சல்.)

மூன்றாவதில், ஓட்டெடுப்புக்கு முன் சென்னியம்மாளே எழுந்து கண் கலங்க ராஜினாமா செய்கிறார். இதை எழுதும்போது எனக்கே பிடித்திருந்தது. ஆனால் அவர் அப்படிப்பட்டவர் அல்ல. இருக்கையிலிருந்து இறக்கினால்தான் இறங்குவார். எனவே...

மூன்றையும் அடித்துவிட்டேன். நடந்தது இது.

செயல் அலுவலர் தீர்மானத்தைப் படித்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். தீர்த்தகிரியின் கை முதலில் போயிற்று, மற்றவை ஒவ்வொன்றாக. ஷஹர்பானு கடைசி வரிசையில், பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கையை உயர்த்தினார். தோள் வரைக்கும்தான் வந்தது. வலி ஒன்றும் இல்லை. ஆனாலும் அதற்கு மேல் ஏற மறுத்தது.

அலுவலர் பேனா முனையால் எண்ணினார். “...பத்து, பதினொண்ணு.” நிறுத்தினார். மறுபடியும் எண்ணினார். “பதினொண்ணுதான் வருதுங்க.”

தீர்த்தகிரி திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவர் இருந்த இடத்திலிருந்து பீரோதான் தெரிந்தது.

“பன்னெண்டுங்க சார்” என்று ஒரு குரல் கேட்டது.

சென்னியம்மாள்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டிக் காட்டினார். “பீரோவுக்குப் பின்னால பாருங்க. ஒம்பதாவது வார்டு. அந்தப் புள்ள தூக்கியிருக்குது.”

அலுவலர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். “பன்னெண்டு” என்று எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் ஷஹர்பானுவின் கை முழுதாக மேலே போனது. எண்ணி முடித்த பிறகும் அதைக் கீழே இறக்க அவருக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்தவர்தான் மெல்லத் தொட்டு இறக்கிவிட்டார்.

9.

இங்கேயே முடித்திருக்கலாம். அறிவுச்செல்விகூட “இதோட நிறுத்திருங்க, நல்லாருக்குது” என்றாள். ஆனால் நீக்கிய மறுநாளும் விடியுமே.

பள்ளிவாசல் வீதியிலேயே இரண்டு பெண்கள் ஷஹர்பானுவோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தார்ப்பாய்க் கடையில் ஒருவர், கேட்கும்படியே, “சோறு போட்ட கைய வெட்டிட்டாங்கப்பா” என்றார். ரஹமத்துல்லா அவருடைய தார்ப்பாயை மடித்துக் கையில் கொடுத்து, வேறு கடையில் தைத்துக்கொள்ளச் சொன்னார். மேட்டுத்தெருவில் மட்டும் குடங்கள் சத்தமாக நிறைந்தன.

பத்து நாளில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று. யாரும் சதி செய்யவில்லை. காலை ஆறு மணிக்குப் பொறியாளரை எழுப்ப ஆள் இல்லை, அவ்வளவுதான். ஷஹர்பானு இரண்டு நாள் போன் போட்டுப் பார்த்தார். “மேடம், பாக்கறேன்” என்றார் அவர். பார்க்கவில்லை.

புதுத் தலைவர் தேர்தல் வந்தது. தீர்த்தகிரி பக்கம் ஏழு பேர். அவர் வேண்டாம் என்ற ஆறு பேர் சேர்ந்து ஷஹர்பானுவை நிற்கச் சொன்னார்கள். அவரையும் சேர்த்தால் அந்தப் பக்கமும் ஏழு. பதினைந்தாவது ஓட்டு, தலைவர் பதவி போனாலும் வார்டு உறுப்பினராகவே இருக்கும் சென்னியம்மாளுடையது.

மனுக் கொடுக்கக் கடைசி நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு, சென்னியம்மாளே ஷஹர்பானுவின் வீட்டுக்கு வந்துவிட்டார். கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, மடித்து வைத்திருந்த மனுத்தாளை எடுத்து விரித்தார். முன்மொழிபவர் இடத்தில் அவருடைய கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

“நீ நில்லு சாமி. என்ற ஓட்டு உனக்குத்தான். அந்த இஞ்சினியரு எப்படி எந்திரிப்பாருன்னும் நான் சொல்லித் தாரேன்.”

ஷஹர்பானு பேனாவை எடுத்தார். எடுத்துவிட்டு, “அக்கா, நான் ஜெயிச்சா மொதல் கூட்டத்துலயே அந்தப் போரப் பத்தி விசாரணைக்குத் தீர்மானம் வெப்பேன்” என்றார்.

என்ன கேட்டாலும் பட்டென்று பதில் சொல்கிற சென்னியம்மாள், விரித்த மனுத்தாளை ஒருமுறை நீவிவிட்டார். மின்விசிறியைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். வயது அப்போதுதான் தெரிந்தது.

“அத வெக்கலாம். வேண்டாம்னு நான் சொல்லல” என்றார். “மொதல்ல தண்ணி வரட்டுமே சாமி. அப்பறமா வெச்சுக்க.”

அதில் தப்பாக ஒன்றும் இல்லை. தண்ணீர்தான் முதலில் வர வேண்டும். அந்தத் தோப்பில் போர் வண்டி வந்து நின்ற அன்றும், சென்னியம்மாளுக்கு இப்படித்தான், தப்பாக ஒன்றும் இல்லை என்று தோன்றியிருக்கும். ஷஹர்பானுவுக்கு இரண்டுமே ஒரே சமயத்தில் தெரிந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவர் மேல் அவருக்குப் பிரியம் இம்மியும் குறையவில்லை என்பதும் தெரிந்தது.

மணி இரண்டு இருபது. மூன்று மணிக்கு மனு வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். அலுவலகம் பத்து நிமிட நடை. கையெழுத்துப் போட்டால் தண்ணீர் வரலாம். தீர்மானம் ‘அப்பறமா’ ஆகலாம். போடாவிட்டால் தீர்த்தகிரி. போட்டுவிட்டு, ஜெயித்த பிறகு சொன்னதைச் செய்யலாம். செய்வார் என்று நினைக்கிறேன். சென்னியம்மாளைப் பற்றியும் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. ரஹமத்துல்லா மூன்று டம்ளர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார், ஒன்று உங்களுக்கு. நீங்கள் அந்தக் கூடத்தில், இருவருக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஷஹர்பானு பேனாவைப் பிடித்தபடி உங்கள் முகத்தைப் பார்க்கிறார். டீ ஆறுவதற்குள் ஏதாவது சொல்லுங்கள்.